காரணம் எழுதும் கட்டம்

ஷூ சந்திப்பில் ரயில் பதினெட்டு நிமிஷம் நிற்கும்.
அதற்குள் என் பக்கத்துச் சக்கரங்கள்
எழுபத்திரண்டையும் தட்டிவிடுவேன்.
நீளக் காம்புச் சுத்தியல்.
நல்ல சக்கரம் மணிபோல நீளும்.
விரிசல் விட்டது
தொக்
என்று அங்கேயே செத்துப்போகும்.
இருபத்தாறு வருஷம்.
இந்தக் காதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மூத்தவள் ரௌஷான். அடுத்தவள் சல்தனாத்.
மூன்றாவது பிறந்தபோது
பனியில் புதைந்த சரக்கு ரயிலோடு
ஸ்டெப்பியில் கிடந்தேன்.
வயர்லெஸ்ஸில் வந்தது சேதி.
"மறுபடியும் அதேதான்" என்றான் ஆபரேட்டர்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
அந்தச் சிரிப்பு வாயில் காயுமுன்னே போய்ப்
பெயர் பதிந்துவிட்டேன்:
உல்போல்சின்.
மகனாகட்டும் என்று அர்த்தம்.
எங்கள் கசாக்குகளிடம் இந்த வழக்கம் உண்டு,
ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே
வேறொரு பிள்ளையை வரச்சொல்வது.

வேறொரு பிள்ளை வரவில்லை.

குல்ஷாத்துக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
காலையில் மூன்று தலை, ஆறு சடை,
கிரீஸ் போகாத என் பத்து விரல்.
பள்ளிக்கூட வாசலுக்குள் அவிழ்ந்துவிடும்.
டீச்சர் சீட்டு எழுதி அனுப்பினாள்.
இறுக்கிப் பின்னிப் பார்த்தேன்.
"அப்பா, நான் வேகன் இல்லை" என்று
கத்தினாள் சின்னவள்.

சல்தனாத்துக்குப் பதினான்கு நடந்தபோது
ஒரு ராத்திரி
சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.
என்னம்மா என்றேன்.
ஒன்றுமில்லை என்றாள்.

தொக்.

எழுந்து கோட்டை மாட்டினேன்,
எங்கே போகிறேன், யாரை அடிக்கப்போகிறேன்
என்று தெரியாமல்.
வாசல்வரை போய்க் கழற்றினேன். வந்து உட்கார்ந்தேன்.
தட்டினால் தெறித்துவிடும் இரும்பும் உண்டு.
சூப்பின் மேல் கொழுப்பு வெள்ளையாய் உறைந்தது.
பதினொன்றரைக்குத்தான் சொன்னாள்,
பஸ்ஸில் பின்னால் ஒட்டி நின்ற ஆளைப் பற்றி.
"உங்கள் வயதுதான் இருக்கும் அப்பா."

அந்த வாரமே என்று நினைக்கிறேன், ஓய்வறையில்
இஸ்கந்தர் தன் பழைய ஜோக்கை எடுத்தான்.
மேல் பெர்த்தும் கண்டக்டர் பெண்ணும்.
இருபது வருஷமாய் நான்
சரியான இடம் பார்த்துச் சிரித்த ஜோக்.
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.
அந்த இடம் வந்தது.
போனது.
அவன் என்னைப் பார்த்தான்.
வீரமெல்லாம் இல்லை, வாயில் ரொட்டி இருந்தது.
மற்றவர்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

சின்னவளுக்கு இப்போது பதினாறு. அடையாள அட்டை.
பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்றாள்,
உப்பை எடு என்று சொல்கிற குரலில்.
தகப்பன் கையெழுத்து வேண்டுமாம்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
பேனாவை வாங்கி
'பிழை' என்று எழுதினேன்.
ஜன்னலுக்குப் பின்னாலிருந்தவள் கேட்டாள்:
"எழுத்துப் பிழையா?"
இல்லை.
"பின்னே?"
வரிசையில் எனக்குப் பின்னால் ஒன்பது பேர்.
யாரோ இருமினார்கள்.
மகனை வரச்சொல்லி இவளைக் கூப்பிட்டுவிட்டேன்,
பதினாறு வருஷமாய், என்றேன்.
அவள் முத்திரையை எடுத்து
மையில் வேண்டியதற்கு மேல் அழுத்தினாள்.

புதுப் பெயரை எழுதும்போது சின்னவள்
பரீட்சையில் போலக் கையால் மறைத்துக்கொண்டாள்.
இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. அது அவளுடையது.

வீட்டுக்கு வரும் வழியில், தண்டவாளம் தாண்டுகையில்,
வாய்தவறிப் பழைய பெயரில் கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.
மறுபடியும் அதுவே வந்தது வாயில்.
நின்றாள்.
கோபம் இல்லை. சொல்லிக்கொடுத்தாள்.
நான் சொல்லிப் பார்த்தேன்,
ஒரு முறை, இன்னொரு முறை.
அவள் தலையைச் சற்றே சாய்த்து
கேட்டுக்கொண்டு நின்றாள்,
சக்கரத்தருகே நான் நிற்கிற மாதிரி.
"இன்னும் ஒரு தடவை" என்றாள்.